செங்கமலம் துலக்கிய குழாய்கள்

பென்னலூர் செங்கமலத்துக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பேர். கொஞ்சமா? அவள் வேலை பார்த்த கம்பெனியில் மேனேஜரே அவளிடம் வார்த்தையை அளந்துதான் விடுவார்.

அங்கே உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்து, பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர் எடுப்பார்கள். பழைய இரும்புக் குழாய்களில் உப்பு கல்லாய்ப் படிந்து, சூடு ஏறாமல் உயிரை வாங்கியது. தொண்ணூற்றொன்றில் முதலாளி வழவழப்பான எவர்சில்வர் குழாய்களை இறக்கினார். ஃபிட்டர் தாவீதுதான் மாட்டினான். வழவழப்பில் உப்புக்குப் பிடிமானம் கிடைக்காதாம். உண்மைதான், மாதக்கணக்கில் படிவே இல்லை.

ஆயுத பூஜை வந்தது. மிஷினைத் திறந்து போட்டிருந்தார்கள். குத்துவிளக்கைத் துலக்குவதுபோல், செங்கல் தூளும் புளியும் போட்டு, செங்கமலம் ஒவ்வொரு குழாயையும் தேய் தேய் என்று தேய்த்தாள். சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். யாரும் சொல்லவில்லை, ஆசையாய்ச் செய்தாள்.

தீபாவளி கழிவதற்குள் குழாய்களில் உப்பு அப்பிக்கொண்டது. தட்டி எடுத்துப் பார்த்தால் அடியில் முழுக்கக் கீறல். அந்தக் கீறலில்தான் உப்பு வேர் பிடித்திருந்தது.

ஷிப்ட் மாறும் நேரம். மேனேஜர் தாவீதைக் கேட்டில் நிறுத்திக் கத்தினார்: "உளியப் போட்டுக் கீறிட்டு இல்லேன்னு சாதிக்கிறியா? நாளையிலேருந்து வராதே."

செங்கமலமும் அங்கேதான் நின்றிருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவள் வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான். வாயை மூடிக்கொண்டால் தப்பித்தாள். ஆனால் தாவீது தலையைத் தொங்கப்போட்டு நின்றதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னா சார், அவனை எதுக்குத் திட்டறீங்க? தேச்சது நானு. பூஜைக்கு செங்கல் தூள் போட்டுத் தேச்சேன்."

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "நீயா? எல்லார் முன்னாடியும் கையெடுத்து மன்னிப்புக் கேளு, உட்டுடறேன்."

"தெரியாம செஞ்சேன், தப்புதான். ஒத்துக்கினேன். மன்னிப்பு நீங்க கேளுங்க, தாவீதுகிட்ட. விசாரிக்காம திருடன் மாரி நிக்க வச்சீங்களே!"

"அவ்ளோ திமிரா? உனக்கு வேலை இல்ல, போ."

"உங்க வேலை எனக்கு வேணாம் சார். மொதல்ல அவனை உள்ள அனுப்புங்க. அப்பத்தான் நகருவேன்."

கேட்டுக்குக் குறுக்கே நின்றாள். லாரி ஹாரன் அடித்தது. அசையவில்லை. ஷிப்ட்டுக்கு வந்தவர்களும் உள்ளே போகாமல் அவளோடு நின்றார்கள். கடைசியில் மேனேஜர் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "தாவீது, தப்பு எம்மேலதான். உள்ள போ" என்றார்.

செங்கமலம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டாள். "அக்கா!" என்று தாவீது கூப்பிட்டான்.

"போய் வேலையப் பாரு தம்பி."

பஸ் கிளம்பி, கம்பெனி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அதை அந்த மேனேஜருக்கு அவள் காட்டவில்லை.