தலைவர் ஆடும் என் கோழிப் பண்ணையும்

எனக்குப் படிப்பு அஞ்சாவதோடு சரிங்க. ஆனால் பல்லடம் பக்கம் கோழிப் பண்ணை போடுகிறவர்கள் என்னைக் கேட்காமல் கூரை போடமாட்டார்கள். வெயிலுக்கு ஒரு கோழியைக்கூட நான் பறிகொடுத்ததில்லை. அந்தப் பேர் ஒரு புது சீரியலால் போகப் பார்த்தது.

அதில் ஓர் ஆடுதான் ஊர்த் தலைவர். அது தலையாட்டினால் தீர்ப்பு. யாரும் சிரிக்காமல் அதைக் கும்பிடுகிறார்கள். "என்ன கிறுக்குத்தனம்" என்று திட்டினேன். ஆனாலும் எழுந்திருக்க மனசு வரவில்லை. அன்றைக்கு மத்தியானம் புருசன் பெண்டாட்டி வழக்கு நடக்கிறது, ஆடு தழையை மென்றபடி யோசிக்கிறது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சமையலறையிலிருந்து என் வீட்டம்மா, "ஏனுங்க, ஃப்ரிட்ஜ் ஓடலீங்களே. கரண்ட் போயிருச்சாட்ட இருக்குது" என்றாள்.

துள்ளி எழுந்தேன். டிவி இன்வெர்ட்டரில் ஓடியதால் எனக்குத் தெரியவே இல்லை. பண்ணையில் ஃபேன் எல்லாம் நின்றிருக்கும். உச்சி வெயில், வேலையாள் சாப்பிடப் போயிருந்தார். வேட்டியை மடித்துக்கட்டி ஓடினேன். கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்துக் கிடந்தன. ஜெனரேட்டரைப் போட்டு, காற்று வந்து, அவை எழுந்து நடந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஒன்றும் சாகவில்லை.

"ஊரே உங்ககிட்ட யோசனை கேக்குது. நீங்க ஆட்டுகிட்ட கேக்கறீங்க" என்றாள் வீட்டம்மா.

மறுநாளே டிவியை இன்வெர்ட்டரிலிருந்து பிரித்துவிட்டேன். பண்ணைக்காரர்கள் எல்லோரும் இதைச் செய்யுங்கள். நேற்று ஆடு தீர்ப்புச் சொல்லத் தலையைத் தூக்கியபோது கரண்ட் போய் டிவியும் அணைந்தது. என்ன தீர்ப்போ தெரியாது, நான் பண்ணைக்கு ஓடிவிட்டேன்.