ஜாபர் பாய் சுரண்டி எடுத்த பெயிண்ட்

போன செவ்வாய்க்கிழமை காலை பட்டறையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. லாரிப் பட்டறைக்காரர்களும் லாரி முதலாளிகளும் சேர்ந்து நடத்தும் வாட்ஸாப் குழுவில் ஜாபர் பாயின் படம், சுற்றிலும் ரோஜா மாலை, கீழே 'ஆழ்ந்த இரங்கல்'. தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். அடுத்த பத்து நிமிடத்தில் கும்பிடும் கைகள் நூறு வந்து விழுந்தன. ஒருவர் 'கொங்கு மண்டலத்தின் எலக்ட்ரிக்கல் சிங்கம்' என்று எழுதியிருந்தார். இதே ஆள் போன மாதம்வரை டீக்கடையில் நின்று, "பாய்கிட்ட வண்டிய உட்டா பேரனுக்குக் கல்யாணம் ஆனதுக்கு அப்பறந்தானுங்க வரும்" என்று சொல்லிச் சிரித்தவர். செத்தவனுக்குச் சிங்கப் பட்டம் கொடுப்பது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை.

பாயை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: நான் மூர்த்தி, டீசல் மெக்கானிக். கணபதி பகுதியில் ஒரே தகரக் கொட்டகையில் பத்தொன்பது வருடம் இன்ஜின் பக்கம் நான், ஒயர் பக்கம் அவர்.

அவர் மெதுவாக வேலை செய்வார் என்பது உண்மைதான். இப்போதெல்லாம் லாரி இன்ஜின் நின்றால் நாங்கள் என்ன செய்கிறோம்? ஸ்கேனரைச் சொருகுகிறோம். அது ஒரு சென்சாரின் பெயரைச் சொல்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டுகிறோம். மறுபடி நின்றால் அடுத்த சென்சார். எங்கள் கொட்டகை மூலையில் நல்ல நிலையில் இருக்கும் சென்சார்கள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. பாய் ஒரு நாள் அந்த டப்பாவைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார். "இதுல எது கெட்டுப்போனதுன்னு காட்டுங்க மூர்த்தி" என்றார். நான் பேச்சை மாற்றினேன். "மிஷினு எங்க வலிக்குதுன்னு மட்டுந்தானுங்க சொல்லும். யாரு அடிச்சான்னு நாமதான் பாக்கோணும்" என்றார்.

'இருக்கலாம்' என்ற சொல்லை அவர் முன்னால் சொல்ல முடியாது. வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி முகம் சுருங்கிவிடும். "பேட்டரியா இருக்கலாம், ஒயரா இருக்கலாம்னு சொல்றதுக்குச் சோசியரு போதுமுங்க" என்பார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆயுத பூசை. அந்தச் சமயத்தில் நம் ஊர் லாரிகளுக்கு என்ன மரியாதை நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கழுவி, அடியில் இருக்கும் இரும்புச் சட்டமான சேஸிஸுக்குக் கறுப்பு அடித்து, போல்ட் தலைகளுக்குச் சிவப்பு வைத்து, சந்தனம் தெளித்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்போம். சோமனூர் முதலாளி ஒருவருடைய பெரிய லாரி எங்கள் கொட்டகையில்தான் பெயிண்டுக்கு நின்றது. துணிப் பேல் ஏற்றிக்கொண்டு பெங்களூர் போகிற வண்டி. பூசைக்குப் பிறகு அது தொப்பூர் ஏற்றத்தில் நடுரோட்டில் நின்றது. ஆறவிட்டால் கிளம்பும், அடுத்த நடையில் மறுபடி நிற்கும். மூன்று முறை நின்றது. நான் இரண்டு சென்சார் மாற்றினேன், டீசல் பம்பைக் கழற்றிப் பார்த்தேன், கடைசியாக இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டியையே மாற்ற வேண்டும் என்றேன்.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனுங்க மூர்த்தி, டிரைவர் ஏதாச்சும் பண்ணியிருப்பானுங்களா?" என்று கேட்டார். டிரைவர் சின்னசாமி, எட்டு வருடம் அந்த வண்டியை ஓட்டியவர். எனக்கு என் கையாலாகாத்தனத்தை மறைக்க ஒரு சந்து தேவைப்பட்டது. "டிரைவரு கைவேலையா இருக்கலாமுங்க" என்றேன். அன்று மாலையே சின்னசாமியை நிறுத்திவிட்டார்கள். அவருடைய படத்தைப் போட்டு, 'வண்டியில் கை வைப்பவர், யாரும் வேலைக்கு எடுக்க வேண்டாம்' என்று அதே குழுவில் செய்தியும் போட்டார்கள். அதற்கும் கும்பிடும் கைகள் வந்தன. நம் ஊரில் ஒருவன் வயிற்றில் அடிப்பதாக இருந்தாலும் 'ங்க' போட்டு, மரியாதையாகத்தான் அடிப்போம்.

பாய் வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "டிரைவர்கிட்டக் கேட்டீங்களா?" என்பதுதான். யாரும் கேட்டிருக்கவில்லை. அவரே சின்னசாமிக்குப் போன் போட்டு, நிற்பதற்கு முன்னால் என்ன சத்தம் கேட்டது என்று விசாரித்தார். "ஃபேனு சத்தம் கேக்குமுங்க பாய். அது சுத்த ஆரம்பிச்சா ஒடனே இஞ்சின் ஆஃப் ஆயிருமுங்க" என்றார் சின்னசாமி. பாய் போனை வைத்தார். ஏற்றத்தில் இன்ஜின் சூடாகும், கரண்ட்டில் ஓடும் பெரிய ஃபேன் தானாகச் சுற்றும், அது கரண்ட்டை இழுக்கும். அந்த நேரத்தில் இன்ஜின் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பற்றாமல் போகிறது. அப்படியானால் கரண்ட் திரும்பிவரும் வழியில், அதாவது எர்த்தில், எங்கோ அடைப்பு.

வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஃபேனை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை சேஸிஸிலும் வைத்தார். முள் நகரவே கூடாத இடத்தில் முள் எழுந்து நின்றது. எர்த் ஒயர் மாட்டியிருந்த போல்ட்டைக் கழற்றினார். அடியில் கறுப்புப் பெயிண்ட் கண்ணாடி மாதிரி பளபளத்தது. கரண்ட்டை விடாத அந்தப் பெயிண்ட் மேலேயே ஒயரை வைத்து முறுக்கியிருந்தார்கள். பாய் உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை சுரண்டி, ஒயரை மாட்டினார். அத்துடன் வண்டி சரியாகிவிட்டது. இன்றுவரை அது நிற்கவில்லை.

பெயிண்ட் அடிக்க வசதியாக அந்த ஒயரைக் கழற்றியதும், பூசைக்கு நேரமாகிறது என்று அவசரத்தில் திருப்பி முறுக்கியதும் நான். பாய்க்கு அது பார்த்த உடனே தெரிந்துவிட்டது. முதலாளி வந்தபோது, "டிரைவர் மேல தப்பில்லீங்க, எர்த்து பெயிண்ட்டு மேல இருந்துச்சு" என்றார். யார் மாட்டினார்கள் என்று முதலாளி கேட்டார். பாய் என்னைப் பார்த்தார். "பெயிண்டருங்களா இருக்குமுங்க" என்றேன். முதலாளி, "சரி உடுங்க, வேற டிரைவர் போட்டாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். குழுவில் போட்ட செய்தியை யாரும் எடுக்கவில்லை.

அதன் பிறகு பாய் என்னோடு டீ குடிக்கவில்லை. வேலை விஷயம் மட்டும் பேசினார். எனக்குக் கோபம் வந்தது. பெரிய உத்தமர் என்று மனதுக்குள் திட்டினேன். என்மேல் எனக்கு வந்த அருவருப்பை அவர்மேல் திருப்பிவிடுவது சுலபமாக இருந்தது.

அடக்கம் முடிந்து கபர்ஸ்தான் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது சின்னசாமியைப் பார்த்தேன். பாயின் உடல் வைத்த சந்தூக்குக்குத் தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். தொண்டாமுத்தூரில் தேங்காய் ஏற்றும் சின்ன வண்டி ஓட்டுகிறாராம். பாய்தான் சொல்லிச் சேர்த்துவிட்டிருக்கிறார். பெரிய வண்டி யாரும் கொடுப்பதில்லை. எனக்கு என்ன ஆனதோ, அந்த இடத்திலேயே, "அந்த ஒயர மாட்டுனது நாந்தானுங்க சின்னசாமி" என்றேன்.

அவர் அதிர்ச்சியடையவில்லை. "தெரியுமுங்க. பாய் அன்னிக்கே சொல்லிப்போட்டாருங்க" என்றார். "நீங்க ஏன் வந்து கேக்கல?" என்றேன். "கேக்கறேன்னுதான் கெளம்புனேனுங்க. பாய்தான் நிறுத்திப்போட்டாரு. மூர்த்தி கெட்டவரில்ல, ஒருநா அவரே வந்து சொல்லுவாரு, நீ முந்திக்காதன்னாருங்க." பிறகு தேங்காய் ஏற்ற நேரமாகிறது என்று போய்விட்டார்.

பாயின் மீட்டரை அவர் மகன் என்னிடம் கொடுக்க வந்தார். வேண்டாம் என்றேன். என்னைப் பற்றி 'இருக்கலாம்' என்று சொல்லாமல் 'சொல்லுவாரு' என்று உறுதியாகச் சொன்ன ஒரே மனிதர், நான் சொல்வதைக் கேட்காமலே போய்விட்டார். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான். இதை அந்தக் குழுவிலும் போடுகிறேன். லாரி முதலாளிகளே, சின்னசாமி எந்த வண்டியிலும் கை வைக்கவில்லை. கை வைத்தவன் கணபதி மூர்த்தி. இதற்குக் கும்பிடும் கை போடாதீர்கள். அவருக்கு ஒரு லாரியைக் கொடுங்கள்.