மெற்றில்டா கழற்றிய மூன்று பிளக்

"ஈரத்தோட சீற்ற மூடாதீங்க எண்டு எத்தின தரம் சொல்றது?"

கல்கிசைக் கடற்கரையில் பொழுதுபடும் நேரம் போனால் நாள் தவறாமல் இது காதில் விழும். சொல்பவள் மட்டக்குளி மெற்றில்டா. கேட்டும் கேளாதவர் அவளுடைய புருஷன் நிக்கலஸ். ஓட்டம் முடிந்ததும் ஜெட்ஸ்கி என்னும் கடல் ஸ்கூட்டரின் இருக்கையான சீற்றைக் கழற்றி, உள்ளே இருக்கும் என்ஜினில் காற்றுப்பட விடவேண்டும். அவரோ டப்பென்று மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

மெற்றில்டா கனகாலம் கார்மென்ட் தொழிற்சாலையில் தைத்தவள். அதை மூடியபோது கையில் கிடைத்ததைப் போட்டுத்தான் இருவரும் இந்தப் பழைய ஜெட்ஸ்கியை வாங்கினார்கள். வருகிறவர்களை ஏற்றிக் கடலில் ஒரு சுற்றுக் காட்டினால்தான் வீட்டில் உலை வைக்கலாம்.

போன மார்கழியில், சனம் வந்து குவியும் நேரம் பார்த்து, என்ஜின் இருமத் தொடங்கியது. வேகம் எடுக்கவேயில்லை. பக்கத்தில் இதே தொழில் செய்யும் பிறெடி காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, என்ஜின் முடிந்தது, பார்ட்ஸுக்கு நானே ஒரு விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றான். நிக்கலஸ் தலையைத் தொங்கப்போட்டபடி சம்மதித்தும் விட்டார். மறுநாள் காலை பிறெடி ட்ரெய்லரோடு வந்து நின்றான்.

மெற்றில்டா குறுக்கே வந்தாள்.

"தையல் விட்டா நாங்க மெஷினயா எறியிறம்? முதல்ல ஊசிய மாத்திப் பாப்பம். இதில ஊசி எது?"

நிக்கலஸ் பெட்ரோலைப் பற்றவைக்கும் மூன்று பிளக்குகளைக் காட்டினார்.

"அக்கா, இது பிளவுஸ் இல்ல," என்றான் பிறெடி.

"பிளவுஸ் எண்டா நீ விலைக்குக் கேட்டிருக்க மாட்டாய்."

பிளக்கைச் சுற்றியிருந்த மணலை அவள் முதலில் ஊதித் தள்ளினாள். ஒரு மணல் உள்ளே விழுந்தாலும் என்ஜினுக்குக் கேடு. நிக்கலஸ் சொல்லச் சொல்ல மூன்றையும் கழற்றினாள். இரண்டின் முனை பால்டீ நிறம், நல்ல பிளக்கின் நிறம். முதலாவது மட்டும் கருத்து, பெட்ரோலில் நனைந்து கிடந்தது. அதில் நெருப்புப் பொறி விழவில்லை என்று அர்த்தம். பழுது பிளக்கிலா, அதற்குக் கீழே என்ஜினிலா என்பதுதான் கேள்வி. என்ஜினில் என்றால் பிறெடி ட்ரெய்லரில் ஏற்றவேண்டியதுதான்.

கருத்ததைத் துடைத்து மூன்றாவது ஓட்டையில் போட்டாள். மூன்றாவதை முதல் ஓட்டைக்கு மாற்றினாள். நிக்கலஸ் கரையில் வைத்தே என்ஜினை ஸ்டார்ட் பண்ணி, அதற்குப் பிறகே அதைக் குளிரவைக்கும் தண்ணீர்க் குழாயைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் தண்ணீரை மூடி, என்ஜினையும் நிறுத்தினார். மறுபடி கழற்றிப் பார்த்தால், முதல் ஓட்டையில் இருந்தது காய்ந்திருந்தது. மூன்றாவதில் போட்டது நனைந்திருந்தது. கோளாறு அந்தப் பிளக்கோடேயே இடம் மாறியிருந்தது. என்ஜினுக்கு ஒன்றுமில்லை.

நிக்கலஸ் அன்றே பார்ட்ஸ் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு ஓடிப்போய் மூன்று புதுப் பிளக் வாங்கிவந்தார். பூட்டப் போன அவருடைய கையை மெற்றில்டா தட்டிவிட்டாள். இவர் பலத்தையெல்லாம் காட்டி ஓட்டையின் திருகுப் புரியைக் கிழித்துவிடுவார். ஜாம் போத்தல் மூடியைப் பூட்டுவதுபோல விரலாலேயே சுற்றினாள். கடைசியில்தான் பிளக் கழற்றும் சாவியால் ஒரு இறுக்கு.

என்ஜின் ஒரே சீராகப் பாடியது. பிறெடி வெறும் ட்ரெய்லரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"என்ட மெஷினயும் ஒருக்கா பாருங்கோவன், அக்கா."

"ட்ரெய்லர் இருக்குத்தானே, கொண்டு வா."

இப்போது அந்தக் கரையில் எந்த மெஷின் முக்கினாலும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். கல்கிசைக்குப் போனால் தண்டவாளத்தைக் கடந்து இறங்கி, ஒருதரம் அவளைப் போய்ப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், ஒரு சுற்று ஏறுங்கள். என்ஜினைப் பற்றி நிக்கலஸிடம் கேட்டால் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மெற்றில்டாவைக் காட்டுவார். அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.