செம்போத்து வந்த ஞாயிறு

என் நாத்தனார் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது மாசி முடியப் போகிற நேரம். செஞ்சியில் அப்போதே பாறைகளில் சூடு ஏற ஆரம்பித்துவிடும். அவள் அறையின் சன்னலைக்கூடத் திறக்க மாட்டாள். சாப்பாடு வைத்தால் பாதியைக் கொறித்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வீட்டுக்காரர் தொண்டூரிலிருந்து வண்டியில் வருவார். மூடிய கதவைப் பார்த்தபடி கூடத்தில் உட்கார்ந்திருந்து, காபி குடித்துவிட்டு, "வரேம்மா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவார்.

வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொல்லியே அவளை ஓய்த்திருந்தார்கள். அதனால் சும்மா இருந்தேன்.

பங்குனி பிறந்து எலுமிச்சைச் செடி தளிர்விட்டது. ஒருநாள் காலையில் பார்த்தால் தளிர்களில் பாதியைக் காணோம். இலைக்கு ஒரு பச்சைப் புழு. மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் சன்னலைத் தாண்டிப் போனேன். சன்னல் கதவின் ஒரு பக்கம் திறந்திருந்தது.

"இன்னா அண்ணி அது?"

"புழு. செடிய மொட்டையடிச்சிடுச்சி."

அவள் வெளியே வந்தாள். அத்தனை நாளில் அவள் வெயிலில் நின்றது அதுதான் முதல் தடவை. ஒரு புழுவை விரலால் மெல்லத் தொட்டாள். அது தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்புகளை நீட்டியது. குப்பென்று ஒரு புளித்த வாடை. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"மருந்து வேணாம் அண்ணி. செடி திரும்பத் துளுக்கும்."

மறுநாளிலிருந்து பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு எலுமிச்சை அருகே உட்கார ஆரம்பித்தாள். நானும் துணி உலர்த்துகிற சாக்கில் பக்கத்தில் நிற்பேன். செம்பருத்தியில் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்குவதையும், கருவண்டு முருங்கைப் பூக்களை உலுக்கிக்கொண்டு போவதையும் அவள்தான் எனக்குக் காட்டினாள். நான் பத்து வருஷமாகப் புழங்குகிற தோட்டம் அது.

புழுக்கள் நாளுக்கு நாள் குறைந்தன. ஒரு கொண்டைக்குருவி வந்து ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு போவதை அவளே பார்த்துவிட்டாள். கோபத்தில் துண்டை வீசி விரட்டினாள். குருவி தூரமாக ஓடவில்லை. மல்லிப் பந்தலுக்குள் நுழைந்தது. பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கிண்ணம்போல ஒரு கூடு. உள்ளே மயிர்கூட முளைக்காத மூன்று குஞ்சுகள். உடம்பையே விழுங்கிவிடும்போல வாயைத் திறந்துகொண்டிருந்தன.

"இதுக்குத்தானா" என்றாள். அதற்குப் பிறகு துண்டை எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் காபி கலந்துகொண்டிருந்தேன். அவள் வீட்டுக்காரர் கூடத்தில் இருந்தார். சன்னல் வழியாகப் பார்த்தால் மதில்மேல் ஒரு செம்போத்து, காவிச் சிறகும் சிவந்த கண்ணுமாக.

"வெளிய வந்து பாரு, செம்போத்து. பாத்தா நல்லதுன்னுவாங்க" என்று குரல் கொடுத்தேன்.

அவள் அறையிலிருந்து ஓடி வந்தாள். செம்போத்து மதிலில் இல்லை. பந்தலுக்குள் கொடி ஆடியது. தாயும் தகப்பனுமாகக் குருவிகள் இரண்டும் கத்திக்கொண்டு சுற்றின.

"கூட்டுல பூந்துடுச்சிங்க, விரட்டுங்க" என்று கூவிக்கொண்டே தோட்டத்துக்குப் பாய்ந்தாள். அது அவரிடம் சொன்னது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் பேச்சு. அவர் செருப்புகூடப் போடாமல் ஓடிப் பந்தல் காலைப் பிடித்து உலுக்கினார். செம்போத்து பறந்தது. அதன் அலகில் ஒரு குஞ்சு இருந்தது.

அவள் மண்ணில் உட்கார்ந்து அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாதவள், இங்கு வந்தும் அழாதவள், வாய்விட்டு அழுதாள். அவர் எதிரில் குந்தினார்.

"பாப்பாவ நான் பாத்தேன்" என்றார். "ஒங்கிட்ட காட்ட வேணாம்னுட்டாங்க. நானும் சொல்லல. மூக்கு ஒன்ன மாதிரியே இருந்துச்சி."

அவள் அழுகை நின்றது. "முடி?" என்று கேட்டாள்.

"நெறைய."

நான் அடுக்களைக்குத் திரும்பி, ஆறிப்போன காபியைச் சுட வைத்தேன். அவர்கள் வெகுநேரம் உள்ளே வரவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகாமல் வந்தார். கருவேல முள்ளை வெட்டிவந்து பந்தலைச் சுற்றிக் கட்டினார். குருவி நுழைகிற அளவுக்கு மட்டும் இடைவெளி விட வேண்டும் என்று அவள் பக்கத்தில் நின்று கை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு இடத்தில் பிரித்துத் திரும்பக் கட்டினார். அதன்பின் செம்போத்து வந்தாலும் மதிலோடு சரி.

மிச்சமிருந்த இரண்டும் இறகு முளைத்து, கூட்டின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, ஒருநாள் விடிகாலையில் முருங்கைக்குத் தாவின. அவை பறந்த வாரமே அவள் துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்தாள். வண்டியின் பின்னால் ஏறி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு போனாள்.

வைகாசியில் போன் செய்தாள். பேச்சில் பழைய வேகம் வந்திருந்தது.

"அண்ணி, எங்க மோட்டார் கொட்டாயில தேன்சிட்டு கூடு கட்டுது, சரியா வாசப்படி மேல. அவரு நாலு நாளா குனிஞ்சிதான் உள்ள போறாரு. இடுப்பு வலிக்குதுன்னு ஒரே பொலம்பல். நீங்க எப்ப வரீங்க?"