ஜெனி வீட்டுச் சுவரின் விரிசல்

புது பிளாஸ்டிக் ஸ்கேலை மூக்கருகே வைத்தால் ஒரு வாசனை வருமே... மூன்றாம் வகுப்பு என்றால் எனக்கு அந்த வாசனைதான்.

எஸ்தர் மிஸ் எங்களுக்கு அளக்கச் சொல்லிக்கொடுத்தது அந்த வருஷம்தான். "ஓரத்துல வெக்காதீங்க பசங்களா, சைபர் கோட்டுல வைங்க" என்று ஒவ்வொருத்தர் கட்டைவிரலையும் பிடித்து அந்தக் கோட்டில் அழுத்துவார்.

எங்கள் பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேலைவிட நீளமான பொருள் என்றால்? ஸ்கேல் முடியும் இடத்தில் பென்சில் புள்ளி. அங்கிருந்து மறுபடி ஸ்கேல். கடைசியில் கூட்டல். பாதிப் பேர் முதல் பதினைந்தைக் கூட்ட மறந்துவிடுவோம். மிஸ் குட்டமாட்டார், சிவப்புப் பேனாவால் +15 போட்டுவிடுவார்.

ஒருநாள் ஒரு வீட்டுப்பாடம்... வீட்டில் வளர்கிற ஏதாவது ஒன்றை வாராவாரம் அளந்து எழுத வேண்டும். நான் எங்கள் அண்ணனின் மீசையை அளந்தேன். நீளம்: பூஜ்யம். அதை வைத்து அவன் காட்டிய பந்தாவுக்கு ஸ்கேல் பத்தாது என்றும் எழுதினேன். வகுப்பே சிரித்தது.

பக்கத்தில் உட்காரும் ஜெனி அளந்தது அவள் வீட்டுச் சுவரின் விரிசலை. நந்திதுர்க்கில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய மைன்ஸ் லைன் வீடு. கட்டிலை ஒட்டிய சுவர். முதல் வாரம் இருபத்தெட்டு சென்டிமீட்டர்.

"செவுத்த அளக்குறியே, இன்னாடி, இன்ஜினியரா நீ?" என்றேன்.

"எங்கம்மா சொல்லிச்சுடி. இன்னும் கொஞ்சம் பெருசானா மாரிகுப்பத்துல பெரியம்மா வூட்டுக்குப் போயிடலாம்னு."

அடுத்த வாரம் முப்பத்தொன்று எழுதிக்கொண்டு வந்தாள். அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ரப்பரால் அழித்து, 31-ஐ 13 ஆக்கினேன். மிஸ் திட்டுவார், ஜெனி முழிப்பாள், நான் சிரிப்பேன்... அவ்வளவுதான் பிளான்.

மிஸ் திட்டவில்லை. 13-க்குப் பக்கத்தில் சிவப்பில் +15 போட்டார்.

"முதல் பதினஞ்ச மறந்துட்டியா கண்ணு? பதினஞ்சும் பதிமூணும் இருபத்தெட்டு. போன வாரமும் அதேதான். வளரல. பயப்பட வேணாம்னு அம்மாகிட்ட சொல்லு."

ஜெனி நோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். மிஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பையில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை விடாத மழை. சாயங்காலம் அவள் கட்டிலில் படுத்துக் கலர் அடித்துக்கொண்டிருந்தபோது சுவர் விழுந்தது. வலது காலின் மேல்.

மறுநாள் ஜெனியின் அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"வளரலன்னு நீங்கதானே மிஸ் சொல்லி அனுப்பனீங்க? உங்க பேச்சைக் கேட்டுத்தானே அங்கியே இருந்தோம்!"

அவர் நீட்டிய நோட்டை மிஸ் வாங்கிப் பார்த்தார். நோட்டில் இருந்த சிவப்பு எழுத்து அவருடையதுதானே. அந்த வருஷத்தோடு வேலையை விட்டுப் போய்விட்டார். வாயாடி என்று ஸ்கூல் முழுக்கப் பெயர் வாங்கிய நான், இரண்டாவது பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது போனை நீட்டினால் அதுவே அளந்து சொல்லிவிடுகிறது. எதையும் கூட்ட வேண்டாம், புள்ளி வைக்க வேண்டாம். ஜெனியும் நானும் பி.யு., அதாவது பதினொன்றாம் வகுப்பு, படிக்க சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஒரே ரயில் ஏறுகிறோம். அவளுடைய ஒரு செருப்புக்கு மட்டும் அடிப்பாகம் தடிமன். யாராவது கேட்டால் அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்...

"மூணாங்கிளாஸ்ல கூட்டத் தெரியாம நானே ஒடைச்சிக்கின காலுடி இது."

அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஜெனி, இதை நான் போடுகிற நம் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் நீயும் இருக்கிறாய். நீ சரியாகத்தான் கூட்டினாய். மாற்றியது நான். எஸ்தர் மிஸ் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவரிடமும் நானே போய்ச் சொல்ல வேண்டும்.

நாளைக் காலை வண்டியில் உன் பக்கத்தில் உட்காரட்டுமா, வேண்டாமா... நீ சொல்.