மூன்று குர்த்தாக்கள்

கல்லூரி நூலகத்தின் பழைய அட்டைப் பட்டியல் அலமாரியில், கீழிருந்து இரண்டாவது வரிசை இழுப்பறை ஒன்றை ஒரு பிற்பகலில் எனக்காக ஒருவர் திறந்து காட்டினார். உள்ளே நூற்பட்டியல் அட்டைகள் இல்லை. துணியால் ஆன கழுத்துப் பட்டிகள், உறையிட்ட கடிதங்களைப் போல, ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. இந்தக் குறிப்பில் நான் கண்ணால் கண்டதும், அவரே என்னிடம் சொன்னதும், பிறர் என் காதுபடப் பேசியதும் மட்டுமே இடம்பெறும். ஊகங்களுக்கு இடமில்லை. அவரைப் பற்றி ஊகித்து முன்பு ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன். அதனால் அவருக்கு ஒரு வீடு கிடைக்காமல் போயிற்று.

வண்டலூரைக் கடந்து ஜி.எஸ்.டி. சாலையோரம் அமைந்த தனியார் கல்லூரி ஒன்றில் நான் தமிழ் கற்பித்துவந்தேன். அவர் அங்கே நூலக உதவியாளர். மாணவியர் அவரை ‘லைப்ரரி அக்கா’ என்பார்கள். என்னைவிட இளையவர் என்றாலும் நானும் அக்கா என்றே அழைத்துப் பழகிவிட்டேன். பொழிச்சலூரில் அண்ணன் வீட்டிலிருந்து பேருந்தில் பல்லாவரம் வந்து, அங்கிருந்து மின்தொடர்வண்டியில் வருவார். நூலகம் திறக்கும் நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே வந்துவிடுவார் என்பதைக் காவலாளி சொல்லி அறிந்திருந்தேன். கடமையுணர்ச்சி என்று அதற்கு நானே பெயரிட்டிருந்தேன்.

அவர் உடுத்தியதைப் பார்ப்பதற்கென்றே நூலகத்துக்கு வரும் மாணவியர் இருந்தனர். கண்ணாடிச் சில் பதித்த கழுத்தோடு கறுப்புக் குர்த்தா ஒரு நாள். மணிக்கட்டில் சரிகைக் கரை மின்னும் சந்தன நிறம் மறுநாள். அதற்கு அடுத்த நாள் தோளில் பூவேலை செய்த கரும்பச்சை. உடைக்கேற்பக் காதணியும், பட்டுநூல் சுற்றிய வளையலும், தோளில் மாட்டும் பையும் மாறும்.

“அக்கா, இது எங்க வாங்குனீங்க? ஆன்லைனா?”

“தாம்பரம் மார்க்கெட்டுடி. தேடுனா கிடைக்கும்.”

“நாங்களும்தான் தேடுறோம். எங்க கண்ணுக்கு மட்டும் நைட்டிதான் மாட்டுது.”

அந்தச் சிரிப்பு, அமைதி காக்கவும் என்ற பலகையின் கீழேதான் எப்போதும் எழும். அவரும் அடக்கமாட்டார்.

கல்லூரியின் பின்புறம் பணியாளர் குடியிருப்பு இருந்தது. ஓர் அறை, ஒரு சமையலறை, தனியாக ஒரு வாசல். அதில் ஒரு வீடு காலியானபோது நால்வர் விண்ணப்பித்தார்கள். அவர்களுள் இவரும் ஒருவர். துணை முதல்வர், அலுவலகக் கண்காணிப்பாளர், நான் என மூவர் கொண்ட குழு யாருக்குத் தேவை மிகுதி என்று முடிவு செய்ய வேண்டும். விண்ணப்பத்தில் ‘நேரில் அறிந்தவை’ என்றொரு பத்தி உண்டு. குழுவினருள் எழுத வல்லவள் என்று அதை என்னிடம் ஒப்படைத்தார்கள். கணவரைப் பிரிந்து அண்ணன் வீட்டில் வசிக்கிறார் என்பதற்குமேல் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. நூலகம் என் வகுப்பறையிலிருந்து நாற்பது அடி தொலைவுகூட இராது. நான் எழுதியது இது: ‘விண்ணப்பதாரர் நாள்தோறும் புத்தாடை அணிந்து வருபவர், நெருக்கடியில் இருப்பதற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை.’ முதலில் ‘புதிய உடை’ என்று எழுதிப் பின் அதை அடித்துப் ‘புத்தாடை’ என்று மாற்றியது நினைவிருக்கிறது. படித்துப் பார்த்தபோது ஓசை நன்றாக அமைந்திருந்தது.

வீடு ஆய்வகப் பணியாளர் ஒருவரின் குடும்பத்துக்குப் போயிற்று. அவர்களுக்கும் அது தேவைதான். அதில் எனக்கு ஐயமில்லை.

முடிவு தெரிந்த அன்று அலுவலகத்தில் கண்காணிப்பாளர் இவரை நிறுத்திக் கேலி பேசினார். நான் வருகைப் பதிவேட்டின் அருகே நின்றிருந்தேன்.

“இன்னாக்கா நீ, தெனம் ஒரு டிரெஸ்ஸு போட்டுகினு சும்மா ஜொலிக்கிற. உனுக்கு இன்னாத்துக்கு குவார்ட்டர்ஸு? தமிழ் மேடமே எழுதிட்டாங்க, இனிமே அப்பீலே கிடையாது.”

“அதானே சார்! ரெண்டு பீரோ வைக்க எடம் பத்தலன்னுதான் கேட்டேன்” என்றார் அவர், எல்லோருடனும் சேர்ந்து சிரித்தபடி.

அன்று பிற்பகல் நூல் ஒன்றைத் திருப்பித் தரச் சென்றேன். “மேடம், அஞ்சு நிமிசம் இருக்கா?” என்று கேட்டு, கணினி வந்தபின் எவரும் தொடாத அந்த அலமாரியின் முன்னால் என்னை அழைத்துச் சென்றார். இழுப்பறையைத் திறந்து, நான் முன்னரே சொன்ன கழுத்துப் பட்டிகளைக் காட்டினார். அடுத்த இழுப்பறையில் மணிக்கட்டுப் பட்டிகள், அதற்கடுத்ததில் வளையல்கள். ஒவ்வொரு பட்டியின் ஓரத்திலும் பிரஸ் பட்டன்கள் வரிசையாக இருந்தன. அவர் அன்று அணிந்திருந்த மயில்கழுத்து நிறக் காலரை விரலால் நெம்பினார். சிறு சிறு ஓசையுடன் அது கழன்று வந்தது. கீழே வெறும் கறுப்புத் துணி. பலமுறை துவைத்ததில் தோள்பட்டையில் சாம்பல் பூத்திருந்தது.

“மொத்தமே மூணுதான் மேடம். கறுப்பு, சந்தனம், பச்சை. மிச்சமெல்லாம் இதுங்கதான்.”

அவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். கண்ணாடிச் சில்லுப் பட்டி, யாரோ கழித்த தலையணை உறையிலிருந்து வந்தது. சரிகை, கிழிந்த புடவையின் கரை. பூவேலைத் துண்டுகள் தாம்பரத்துத் தையற்கடைகளில் வெட்டிப்போட்ட மீதி. குப்பைக்குப் போகுமுன் கேட்டு வாங்கியவை. காதணிகளின் உள்ளே இருந்தது, நூலகத்தில் உரிந்துபோன புத்தக அட்டை. தோள்பையின் துணி, பழைய நூல்களின் அட்டையிலிருந்து பிரித்த காலிகோ என்னும் பைண்டிங் துணி. தையல் முழுதும் கையால் போட்டது. கடைசி இழுப்பறையில் உண்மையாகவே அட்டைகள் இருந்தன. நாள், குர்த்தாவின் நிறம், காலர் எண், கைப்பட்டி எண் என்று நூலக ஒழுங்கிலேயே பதிந்து வைத்திருந்தார். ஒருமுறை சேர்ந்த இணை அந்தப் பருவம் முடியும்வரை மறுபடி சேரக் கூடாது என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட விதி.

“வேலைக்கு வந்த புதுசுல ஒருத்தங்க கேட்டாங்க, நேத்து போட்டதேதானா இதுன்னு. கேட்டவங்க மறந்திருப்பாங்க. பதில் சொல்ல எனக்குத்தான் தெம்பு இல்ல.”

அரைமணி முன்னதாக அவர் வந்ததற்கான காரணம் அப்போது விளங்கியது. வீட்டிலிருந்து வெறும் குர்த்தாவுடன் கிளம்பி, இங்கே அலமாரியின் பின்னால் நின்று பட்டிகளைப் பூட்டிக்கொள்வார். மாலையில் கழற்றி வைத்துவிட்டுப் போவார்.

“வீட்டுக்கு ஏன் எடுத்துட்டுப் போறதில்ல?” என்று கேட்டேன்.

“அண்ணி கண்ணுல பட்டா அவ்ளோதான் மேடம். அவங்க தங்கச்சி, தங்கச்சி நாத்தனார், பக்கத்து வீட்டுப் பொண்ணு எல்லாருக்கும் நான்தான் டெய்லர். ‘சும்மாதான இருக்க’ன்னு ஒக்கார வச்சிடுவாங்க, எழுந்திரிக்கவே விடமாட்டாங்க. வேலைய விட்டுடுன்னு ஏற்கெனவே பேச்சு ஓடிக்கினுதான் இருக்கு. சம்பளம் அங்க போறதால மட்டுந்தான் என்ன விட்டு வச்சிருக்காங்க. அதான் அந்தக் குவார்ட்டர்ஸ் கிடைச்சா…” என்றார். அண்ணன் வீட்டில் தம் துணியை மாட்ட ஓர் ஆணிகூட இல்லை என்று மட்டும் சொன்னார்.

குழுவிடம் இதைக் காட்டுவோம், முடிவை மாற்றச் சொல்லலாம் என்றேன்.

“காட்டுனா வீடு கிடைக்கும் மேடம். மறுநாள் என்னத்த போட்டுட்டு வர்றது? எல்லார் கண்ணும் பட்டன எண்ணும்.” கழற்றிய காலரை மீண்டும் பூட்டிக்கொண்டார். “நீங்க எழுதுனதுல தப்பு இல்ல. பாத்ததத்தான எழுதுனீங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் இங்கேர்ந்து போன பின்னாடி யார்கிட்ட வேணா சொல்லிக்கோங்க.”

அந்த இசைவின் பேரில்தான் இன்று எழுதுகிறேன்.

அடுத்த திங்கட்கிழமை அவர் வெறும் கறுப்புக் குர்த்தாவுடன் நூலகத்தில் அமர்ந்திருந்தார். காதில் பொட்டுத் தோடு; கையில் ஒன்றுமில்லை. செவ்வாயன்று சந்தனம், புதனன்று பச்சை, வியாழனன்று மறுபடி கறுப்பு. வாயால் சொல்ல முடியாததை இவ்வாறு சொல்லிப் பார்க்க முடிவு செய்திருக்கிறார் என்று நான் எண்ணினேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆகவே அதை என் எண்ணமாகவே பதிகிறேன். மாணவியர் உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். ஒரு பெண் தன் வளையல்களைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். வியாழன் மதியம் கண்காணிப்பாளர் தேநீர்க் குவளையோடு நூலக வாசலில் நின்று உள்ளே பார்த்தார்.

“பாத்தீங்களா மேடம்? குவார்ட்டர்ஸ் கிடைக்கலன்னதும் அக்கா ஏழையாயிட்டாங்க. இன்னா ஆக்டிங்கு! இருக்கிற நல்ல டிரெஸ்ஸெல்லாம் வூட்ல பூட்டி வச்சிட்டு, கிழிசலா பாத்து போட்டுகினு வர்றாங்க.”

அவர் குரலைத் தணிக்கவில்லை. அக்கா தலை நிமிராமல் ஒரு நூலில் தேதி முத்திரை குத்தினார். அதே நூலில், அதே இடத்தில், இரண்டாம் முறையும் குத்தினார்.

அன்று மாலை துணை முதல்வரிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். நான் எழுதிய குறிப்பு சரிபார்க்கப்படாதது, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்பதே அதன் சாரம். அவர் நல்லவர், பொறுமையாகப் படித்தார். “காரணம் எழுதலையே மேடம்? அவங்க டெய்லி புது டிரெஸ் போட்டது நாங்களும் பாத்ததுதானே. அதுல எது தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, மறுபடியும் கமிட்டி கூட்டிடலாம்” என்றார். அந்த ஒரு வரி என்னிடம் இருந்தது. எழுதினால் அக்கா காத்த ஒன்றை நான் உடைத்துவிடுவேன். எழுதாவிட்டால் என் பழைய வாக்கியம் நிலைத்துவிடும். பேனாவைத் திறந்து மூடினேன். கடிதத்தை அவர் என்னிடமே திருப்பித் தந்தார்.

மறு திங்களன்று அக்கா செங்கல் நிறக் காலரோடு வந்தார். அது நான் அதுவரை பார்த்திராதது. எப்போது, எங்கே தைத்தார் என்பது எனக்குத் தெரியாது. “அப்பாடா, அக்கா நார்மலாயிட்டாங்க” என்றார் கண்காணிப்பாளர். “ஆமா சார், வேஷம் கலைஞ்சிடுச்சு” என்றார் அவர். சிரிப்பு முன்போலவே இருந்தது. என்னிடம் அதன்பின் நூல்களைப் பற்றி மட்டுமே பேசினார்.

அந்தக் கல்வியாண்டு முடிந்து ஜூனில் கல்லூரி திறந்தபோது அவர் வரவில்லை. விலகல் கடிதம் ஒருவரிடம் கொடுத்தனுப்பப்பட்டதாக அலுவலகத்தில் சொன்னார்கள். சில வாரங்கள் தயங்கியபின், பணியாளர் பதிவேட்டிலிருந்து முகவரியைக் குறித்துக்கொண்டு பொழிச்சலூருக்குச் சென்றேன். மாடிவீட்டின் கம்பிக்கதவுக்குப் பின்னால் ஒரு பெண்மணி நின்றார். அண்ணி என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். கதவைத் திறக்கவில்லை. உள்ளே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“அவங்க இங்க இல்லீங்களே. வெளியூர் போயிட்டாங்க.”

“எந்த ஊருன்னு சொல்ல முடியுமா? நான் காலேஜ்ல தமிழ் டீச்சர்.”

அதைச் சொன்னபோது இயந்திரம் நின்றது. அண்ணி உட்புறம் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “தெரியாதுங்க” என்றார். நான் படியிறங்கித் தெருமுனையை அடையும்வரை அந்த ஓசை மறுபடி எழவில்லை.

நான் அறிந்தவை இவ்வளவே. அவர் வெளியூர் சென்றாரா என்பது எனக்குத் தெரியாது. அந்த இயந்திரத்தின் முன்னால் அமர்ந்திருந்தவர் யார் என்பதும் தெரியாது. இன்னும் ஒரு முறை குரல் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும், நான் கொடுக்கவில்லை.