படிக்காத நாற்பத்து மூன்று

அந்தப் பயிற்சியாளனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆள் நல்லவன்தான் என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் சொல்ல வந்தது அக்காவைப் பற்றி. கூடப்பிறந்தவர் இல்லை. சக்கர நாற்காலி பழுதுபார்க்கும் எங்கள் நிலையத்தில் முன்னறை மேசை அவருடையது. பின்னால் பட்டறையில் நான் மெக்கானிக். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. பதினோரு வருடமாக அதில் தட்டித்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்கிறோம். நாற்காலி வைத்திருப்பவர்கள் குறையை மின்னஞ்சலில் எழுதுவார்கள்: டயர் தேய்ந்துவிட்டது, பிரேக் பிடிக்கவில்லை, கால் வைக்கும் தட்டு கழன்றுவிட்டது. உதிரிபாகம் கையில் இருந்தால் அன்றே வேலை முடியும். வரவழைக்க வேண்டும் என்றால் மாதக்கணக்கில் இழுக்கும்.

அக்காவுக்கென்று ஒரு முறை உண்டு. மடலைப் படிப்பார், பதில் போடுவார், பிறகு அதைத் திரும்பவும் ‘படிக்காதது’ என்று மாற்றி வைத்துவிடுவார். தடித்த எழுத்தில் இருந்தால் வேலை பாக்கி என்று அர்த்தம். நாற்காலி சரியாகி, ஆள் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்து, போதும் என்று சொன்ன பிறகுதான் அந்த எழுத்து மெலியும். பார்சல் வந்தால் நான் பிரிப்பதற்குள் தடுப்பைத் தட்டி, அது யாருக்கு என்று சொல்லிவிடுவார். ஒன்றுகூடத் தவறியதில்லை. வீட்டிலும் இதே கதைதான். “கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொல்லணும்னாலும் நான் மெயில்தான் போடணும்” என்று அவர் வீட்டுக்காரர் என்னிடம் அலுத்துக்கொள்வார். அந்த அலுப்பில் பாதி பெருமை.

இந்த நிலையில்தான் மேனேஜர் ஒரு வகுப்பு ஏற்பாடு செய்தார். நேரத்தை மிச்சப்படுத்துவது எப்படி என்று சொல்லித்தர வந்தவன்தான் இவன். வந்தவன் எங்களில் யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அக்காவின் இன்பாக்ஸைத் திறந்து சுவரில் பெரிதாகக் காட்டினான்.

“நாப்பத்து மூணு மெயில் படிக்காம கிடக்கு! மேடம், உங்களுக்குத் தூக்கம் வருதா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். அதற்காக என்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

“எல்லாம் படிச்சதுதான் சார். வேலை முடியாததை அப்படி வச்சிருக்கேன்” என்றார் அக்கா.

“அதுக்குத்தானே மேடம் டூ-டூ லிஸ்ட்.” தான் கொண்டுவந்த பட்டியல் கருவியை மின்னஞ்சலோடு இணைத்தான். நாற்பத்து மூன்றும் வரிசையாக வந்து விழுந்தன. “இதுல பாதி ரெண்டு மாசப் பழசு. முக்கியம்னா அவங்களே திரும்ப எழுதுவாங்க.” அக்கா எழுந்திருப்பதற்குள் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, முடிந்தது என்று டிக் அடித்துவிட்டான். முடிந்தவற்றின் பட்டியலையும் துடைத்தான். இன்பாக்ஸிலும் தடித்த எழுத்தெல்லாம் மெலிந்துவிட்டது. திரையில் ஒரு பூஜ்யம் நின்றது. மேனேஜர் கைதட்டினார். பதினோரு வருட ஒழுங்கை அரை நிமிடத்தில் காலி செய்ததற்குக் கைதட்டல்!

மறுநாள் காலையில்தான் மிச்சம் தெரிந்தது. டிக் விழுந்தால், எழுதியவருக்குக் கருவியே ஒரு மடல் அனுப்பிவிடுமாம். ‘உங்கள் வேலை முடிந்தது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ நாற்காலி உடைந்து மூன்று மாதமாகக் கட்டிலே கதியென்று கிடப்பவருக்கு இப்படி ஒன்று வந்தால் எப்படி இருக்கும்? “என்னய்யா முடிஞ்சுது? யாருக்கு முடிஞ்சுது?” என்று போன்கள். மடல்கள். ஒருவருடைய தம்பி நேரிலேயே வந்து, கம்பி போன சக்கரத்தை அக்காவின் மேசைமேல் போட்டுவிட்டுப் போனார். அத்தனை வசவும் அக்காவுக்கு. பயிற்சியாளன் வேறு அலுவலகத்தைச் சுத்தம் செய்யப் போய்விட்டான்.

திட்டியவர்களை ஒவ்வொருவராகக் குறித்துக்கொண்டார் அக்கா. பத்து நாளில் நாற்பத்து இரண்டு பேர் தேறினார்கள். ஒருவர் வரவில்லை.

“யாருன்னு பிடிபட மாட்டேங்குது தம்பி. அவன் அத்தனை பேர் முன்னாடி சொல்லிச் சிரிச்ச எண்ணிக்கை. அது மட்டும் மறக்கலை.”

பட்டறை அலமாரியிலும் ஒரு பார்சல் எட்டு நாளாக யாருடையது என்று தெரியாமல் கிடந்தது. பிரேக் ஜோடி. பெட்டிமேல் எங்கள் முகவரிதான் இருந்தது. அக்கா சாப்பாட்டை மறந்து பழைய மடல்களைத் தோண்டினார். ஞாயிற்றுக்கிழமையும் வந்து தோண்டினார். ஆயிரக்கணக்கில் கிடந்தன, எல்லாம் ஒரே மாதிரி மெலிந்த எழுத்தில்.

“ஒருத்தர்தானே, விடுங்க. வேணும்னா கூப்பிடுவாங்க” என்றார் மேனேஜர்.

“கூப்பிடுறவங்களை மட்டும் பாத்துக்கறதுக்கு நான் எதுக்கு சார்?”

அந்த வாரக் கூட்டத்தில் மேனேஜர் வாயெல்லாம் பல்லாக ஓர் அறிக்கையைத் திரையில் போட்டார். நட்சத்திரம் தந்தவர்கள்: ஒருவர். தந்தது: ஐந்துக்கு ஐந்து. மற்றவர்கள் திட்டிய வேகத்தில் நட்சத்திரத்தை எங்கே பார்த்தார்கள்! பெயருக்குப் பக்கத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “தையல்காரம்மா!” என்று கத்தியேவிட்டார். “தம்பி, அந்த பிரேக் அவங்களோடது!”

அங்கேயே போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

“முடிஞ்சுதுன்னு எழுதியிருந்தீங்களேம்மா. சரி, நமக்குக் கிடைக்காது போலன்னு விட்டுட்டேன். வாசல் சரிவுல வண்டி நிக்காது, அதனால வெளிய போறதில்லை. தைக்கிற துணியை வாடிக்கைக்காரங்களே கொண்டுவந்து குடுத்துடுறாங்க.”

அக்கா போனை வைத்தார். “சார், நீங்களும் கிளம்புங்க” என்றார். கேட்கும் குரலில் அதைச் சொல்லவில்லை. மேனேஜர் மறுபேச்சில்லாமல் வேனில் ஏறினார்.

பிரேக் மாட்ட எனக்கு இருபது நிமிடம்தான் ஆனது. இருபது நிமிட வேலைக்காக அந்த அம்மா நான்கு மாதம் தன் வாசலைத் தாண்டவில்லை. மேனேஜருக்கு அப்போதும் தன் அறிக்கைதான் பெரிதாக இருந்தது.

“வேலையே நடக்கலையே, அப்புறம் எதுக்கும்மா அஞ்சு நட்சத்திரம் போட்டீங்க?”

தையல்காரம்மா அக்காவைக் காட்டினார். “குறைச்சுப் போட்டா இவங்க வேலைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்தேன் சார். நாலு மாசமா எனக்குப் பதில் எழுதினது இவங்க ஒருத்தர்தான்.”

வேனில் திரும்பும்போது அக்கா அழுதார். மேனேஜர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார்.

“பேசாம வாங்க சார்” என்றார் அக்கா.